முடி மாற்று சிகிச்சைக்குப் பின் வேறொரு தொற்றுக்கு ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்ளும் முறை

முடி மாற்று சிகிச்சை செய்துகொண்டவருக்கு அடுத்த சில வாரங்கள் தலையைப் பற்றிய கவலையிலேயே கழியும். ஆனால் உடலின் மற்ற பகுதிகள் அதற்காக நோயைத் தள்ளிப்போடுவதில்லை. கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டலாம், சிறுநீர் கழிக்கும்போது எரியலாம், டான்சில் வீங்கி எச்சில் விழுங்க முடியாமல் போகலாம். அதற்கு மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்ததும், நட்ட முடி உதிர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் மாத்திரையை வாங்கி மேசை அறைக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பவர்களும், இரண்டு நாளில் வலி குறைந்தவுடன் நிறுத்திவிடுபவர்களும் உண்டு.

அந்த அச்சம் தேவையற்றது. அமாக்சிசிலின், செஃபலெக்சின் போன்றவை பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுத்து அதை அழிக்கின்றன. மனித செல்லுக்குச் செல்சுவரே கிடையாது என்பதால் முடிவேரில் அவை தாக்குவதற்கு எதுவுமில்லை. அசித்ரோமைசினும் டாக்சிசைக்கிளினும் பாக்டீரியா புரதம் தயாரிக்கும் இடத்தைக் குறிவைப்பவை. மேலும், முடி நட்ட மருத்துவரே பெரும்பாலும் முதல் சில நாள்களுக்கு ஓர் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்புகிறார். அதே குடும்பத்து மருந்தைப் பல் மருத்துவர் எழுதினால் மட்டும் அது முடிக்குப் பகையாகிவிடாது.

உண்மையில் முடிக்குக் கேடு செய்யக்கூடியது சிகிச்சை பெறாத தொற்றுதான். கடுமையான காய்ச்சல் வந்து போனால், தலையில் ஏற்கெனவே இருக்கும் முடிகளில் கணிசமான பகுதி ஓய்வுநிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்தாக உதிர்வது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. எனவே முடியைக் காப்பதற்காகத் தொற்றுக்கு மருந்து சாப்பிடாமல் இருப்பது, காக்க நினைத்ததையே இழக்கும் வழியாகும். கவனம் செலுத்த வேண்டியவை வேறு சில இருக்கின்றன; அவை பெரும்பாலும் மருந்துகள் ஒன்றோடொன்று மோதும் இடங்களும், நோயுற்ற நாள்களில் தலையை நாம் கையாளும் விதமும் ஆகும்.

வேறொரு தொற்றுதானா என்பதை உறுதிசெய்தல்

காய்ச்சல் வந்தவுடன் தொண்டைதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன், தலையை ஒருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். முடி மாற்றுக்குப் பின் உச்சந்தலையில் தொற்று ஏற்படுவது அரிது. தலைக்கு இரத்த ஓட்டம் மிகுதி என்பதால் அங்கே புண் நன்றாகவே ஆறும். ஆனாலும் அரிது என்பது இல்லை என்பதாகாது. முதல் வாரத்தில் இளஞ்சிவப்பு நிறம், சிறு பக்குகள், லேசான மரத்துப்போன உணர்வு, அரிப்பு ஆகியவை எல்லாருக்கும் இருக்கக்கூடியவை. குறைந்துவந்த வலி மூன்றாம் நான்காம் நாளுக்குப் பின் திரும்பவும் கூடுவது, சிவப்பு அகன்றுகொண்டே போவது, சீழ் அல்லது துர்நாற்றம், பின்தலையில் தையல் போட்ட கோடு பிளந்து கசிவது, நட்ட இடத்தில் தோல் கருத்துப்போவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே முடி நட்ட மருத்துவரிடம் செல்ல வேண்டும். அந்த நிலையில் பல்லுக்கென்று எழுதிய மாத்திரை தலைக்கும் சேர்த்து வேலை செய்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது. தோலில் வளரும் கிருமியும் வாயில் வளரும் கிருமியும் பெரும்பாலும் வேறு வேறு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வீக்கம் வராமலிருக்கச் சில மருத்துவர்கள் முதல் சில நாள்களுக்கு பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அது காய்ச்சலையும் வலியையும் அமுக்கிக் காட்டும். ஆகவே அதை எடுத்துக்கொண்டிருக்கும் நாள்களில், காய்ச்சல் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தொற்று இல்லை என்று எண்ணிவிட முடியாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டும் தொற்றும் சேர்ந்து இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் என்பதால், அந்நாள்களில் வழக்கத்தைவிட அடிக்கடி பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து, முடி நட்டுக்கொண்டதைச் சொல்லக் கூச்சப்பட்டு, தொண்டையை மட்டும் காட்டிவிட்டு வருபவர்கள் கணிசமானோர். அந்தக் கூச்சம்தான் பல சிக்கல்களுக்குத் தொடக்கம். சிகிச்சை நடந்த தேதி, அது துளையிட்டு எடுத்த எஃப்.யு.இ. முறையா, தோல்பட்டையை வெட்டித் தைத்த எஃப்.யு.டி. முறையா, அதன்பின் சாப்பிட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதும் என்னென்ன என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். மாத்திரை அட்டைகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினாலும் போதும். ஆனால் வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். இஸ்தான்புல் போன்ற வெளிநாட்டு ஊர்களில் செய்துகொண்டு திரும்பியவர்களுக்கு இது மிகவும் அவசியம், ஏனெனில் அங்குள்ள வணிகப் பெயர் இங்குள்ள மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்தத் தாளால் முதலில் தவிர்க்கப்படுவது இரட்டிப்பு. முடி நட்ட இடத்தில் கொடுத்த செஃபலெக்சின் இன்னும் முடியாத நிலையில், பல் மருத்துவர் அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரையை எழுதினால், ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு மருந்துகள் வயிற்றுக்குள் போகும். நன்மை இரு மடங்காகாது, வயிற்றுப்போக்குதான் கூடும். அவற்றில் எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதைப் பின்னர் எழுதிய மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். தேவைப்பட்டால் அவர் முடி நட்ட மருத்துவரிடம் தொலைபேசியில் பேசட்டும். நோயாளி தானாக ஒன்றை விட்டுவிடவோ இரண்டையும் விழுங்கவோ கூடாது.

பெனிசிலின் வகைக்கு (அமாக்சிசிலினும் அதைச் சேர்ந்ததே) முன்பு எப்போதாவது தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சிரைப்பு வந்திருந்தால் அதைத் தாளின் தலைப்பிலேயே எழுத வேண்டும். முடி உதிர்வைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு 1 மி.கி. எடுத்துக்கொள்பவர்கள் அதை நிறுத்தத் தேவையில்லை. வழக்கமான ஆன்டிபயாடிக்குகளோடு அது பொருட்படுத்தத்தக்க வகையில் மோதுவதில்லை. ஆனால் சிறுநீர்த் தொற்றுக்காகச் செல்லும் ஆண்கள் அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. புராஸ்டேட் சுரப்பிக்காகச் செய்யும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையின் அளவை ஃபினாஸ்டரைடு ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். தொற்றோ அதை உயர்த்தும். இரண்டும் தெரியாத மருத்துவர் அந்த எண்ணை வைத்துத் தவறான முடிவுக்கு வரக்கூடும். முடிக்கென்று சாப்பிடும் பயோட்டினும் இப்படித்தான். அதிக அளவில் எடுத்துக்கொண்டால் தைராய்டு பரிசோதனையும், மாரடைப்பைக் கண்டறியும் டிரோப்போனின் பரிசோதனையும் பிழையான முடிவைக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. முடி வளர்வதற்காக மினாக்சிடிலை மாத்திரையாக எடுத்துக்கொள்பவர்கள், காய்ச்சலாலோ வயிற்றுப்போக்காலோ நீர்ச்சத்துக் குறைந்து தலைசுற்றல் இருந்தால், அந்நாள்களில் அதைத் தொடரலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அது அடிப்படையில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து.

எதை எதோடு சேர்க்கக் கூடாது

முடி மாற்று செய்துகொண்டவரின் வீட்டில் இரும்புச்சத்து, துத்தநாகம், கால்சியம் எல்லாம் கலந்த சத்து மாத்திரை ஒன்று ஏறத்தாழ நிச்சயமாக இருக்கும். சிக்கல் அங்கிருந்துதான் வருகிறது. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், டாக்சிசைக்கிளின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் இந்த உலோகச் சத்துகளோடு குடலில் பிணைந்து, பெருமளவு இரத்தத்தில் கலக்காமலேயே வெளியேறிவிடும். காலை உணவுக்குப் பின் இரண்டையும் ஒன்றாக விழுங்குபவருக்கு மருந்து சாப்பிட்ட திருப்தி இருக்கும். கிருமிக்கோ அரைகுறை மருந்துதான் போய்ச் சேரும். சிப்ரோஃப்ளாக்சசினைச் சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும் என்பது விதி. மற்ற இரண்டுக்கும் குறைந்தது இரண்டு, மூன்று மணி நேர இடைவெளி தேவை. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் வகை மருந்துகளிலும் அலுமினியமும் மக்னீசியமும் இருப்பதால் அவற்றுக்கும் இதே விதி பொருந்தும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, இரத்தசோகைக்கென்று மருத்துவர் எழுதிய இரும்பு மாத்திரையாக இல்லாத பட்சத்தில், அந்த ஐந்து அல்லது ஏழு நாள்களுக்குச் சத்து மாத்திரையை நிறுத்திவைப்பதே எளிது என்பது என் கருத்து. ஒரு வாரம் துத்தநாகம் போகாததால் எந்த முடியும் முளைக்காமல் போகாது.

பாலும் தயிரும் கூட சிப்ரோஃப்ளாக்சசினின் வேலையைக் குறைக்கும் என்பதால் மாத்திரையைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். காலையில் காபியோடு மாத்திரை போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், காஃபீனை உடல் வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கிறது. வழக்கமான இரண்டு டம்ளர் ஃபில்டர் காபியே படபடப்பையும் தூக்கமின்மையையும் தந்துவிடக்கூடும். ஏற்கெனவே தலையை உயர்த்தி வைத்துச் சரியாகத் தூங்க முடியாமல் இருப்பவருக்கு இது கூடுதல் தொல்லை.

அந்த உயர்த்தி வைத்த தலையணையே இன்னொரு ஆபத்துக்கும் வழி வகுக்கிறது. முதல் சில இரவுகள் சாய்ந்தபடியே தூங்கியதில் கழுத்து பிடித்துக்கொள்ள, தசைப்பிடிப்புக்கான மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிறார்கள். அவற்றில் பலவற்றில் டைசானிடின் என்ற மருந்து இருக்கும். டைசானிடினும் சிப்ரோஃப்ளாக்சசினும் சேரவே கூடாதவை. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரும். வலி மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படிக்காமல் விழுங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் அண்மையில் முடித்தவர்களும் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகைகளைப் பற்றி மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். குதிகால் தசைநாண் அழற்சியும் கிழிவும் இந்த வகை மருந்தால் ஏற்படலாம் என்று 2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். குதிகாலில் திடீர் வலி வந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சில ஸ்டீராய்டுகளின் அளவை உடலில் கூட்டுவதோடு, கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசைகளைச் சிதைக்கக்கூடும். மெட்ரோநிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கைச் சாப்பிடும் நாள்களிலும் முடிந்தபின் இரண்டு மூன்று நாள்களும் மது கூடாது. முடி நட்ட மருத்துவரும் எப்படியும் அதைத் தடைசெய்திருப்பார்.

டாக்சிசைக்கிளின் தோலை வெயிலுக்கு எளிதில் கருகச் செய்யும். புதிதாக நட்ட தலைக்கு வெயில் ஆகாது என்பது முன்பே சொல்லப்பட்டிருக்கும். இந்த மருந்தும் சேர்ந்தால் நெற்றி, காது, கழுத்து என எல்லாவற்றையும் மறைத்துக்கொள்ள வேண்டும். அதை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்காவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் எடுப்பவர்களுக்கு டாக்சிசைக்கிளின் கொடுப்பதில்லை. இரண்டும் சேர்ந்தால் மூளையைச் சுற்றிய அழுத்தம் உயரலாம்.

நோயுற்ற நாள்களில் தலையைக் கையாளுதல்

நட்ட முடிவேர்கள் முதல் சில நாள்கள் சுற்றியுள்ள திசுநீரிலிருந்தே ஊட்டம் பெற்று, அதன்பின் புதிய இரத்தக் குழாய்களோடு இணைகின்றன. ஏறத்தாழ பத்தாவது நாள் வரை உராய்வுக்கும் இழுப்புக்கும் அவை அஞ்ச வேண்டும். நம் வீடுகளில் சளிக்கும் தலைபாரத்துக்கும் முதலில் செய்யும் வைத்தியமோ, நொச்சி இலையோ மஞ்சளோ போட்ட வெந்நீருக்கு மேல் குனிந்து, தலைமேல் போர்வையைப் போர்த்தி ஆவி பிடிப்பதுதான். குனிந்தால் முகத்து வீக்கம் கூடும், வெப்பம் தலைத்தோலைச் சிவக்க வைக்கும், போர்வையை இழுத்து எடுக்கும்போது வேர்களும் சேர்ந்து வரலாம். முதல் பத்து, பதினான்கு நாள்களுக்கு ஆவி பிடிப்பதை முழுமையாக விட்டுவிட வேண்டும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும்.

காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவதும் அப்படியே. துணி நழுவி முன்வரிசை முடிகளின் மேல் போய்விடும். கழுத்து, அக்குள், கைகால்களை ஈரத்துணியால் துடைத்தாலே உடல் வெப்பம் தணியும். வியர்த்தால் நட்ட இடத்தைத் துடைக்கவே கூடாது. சுத்தமான மெல்லிய துணியைத் தொட்டு எடுக்கலாம், அல்லது மருத்துவர் தந்த உப்புநீரைத் தெளிக்கலாம். மூச்சிழுப்புக்கு நெபுலைசர் வைத்தால், முகமூடியின் எலாஸ்டிக் பட்டையைப் பின்தலையில் மாட்டாமல் கையால் பிடித்துக்கொள்ளச் செவிலியரிடம் சொல்ல வேண்டும். முடி எடுத்த புண்கள் அங்குதான் இருக்கின்றன.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் பாதுகாப்பானது. ஆனால் சளி மாத்திரைகளிலும் அது கலந்திருப்பதால், எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது என்பதைக் கணக்கிட வேண்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். புதிய புண் இருக்கும் தலைக்கும் அவை இரத்தக்கசிவைக் கூட்டுபவையே.

டெங்கு என்று சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டெங்குக்கும், சாதாரணச் சளிக்கும், வைரசால் வரும் தொண்டை வலிக்கும் ஆன்டிபயாடிக் எந்தப் பயனும் தராது. முடி நட்டிருக்கிறோமே, முன்னெச்சரிக்கையாக இருக்கட்டும் என்று மூன்று நாளைக்கு அசித்ரோமைசின் வாங்கிப் போடுவது பரவலாக நடக்கிறது. அது தலையைக் காப்பதில்லை. அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்பதை நினைவூட்ட இந்தியச் சுகாதார அமைச்சகம் 2016இல் ஓர் இயக்கமே நடத்தியது. கடைக்காரர் கேட்காமல் கொடுத்துவிடுகிறார் என்பது வேறு கதை.

ஒவ்வாமையா, வழக்கமான வீக்கமா

முடி நட்டபின் இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை நெற்றி வீங்கி, அந்த வீக்கம் மெல்ல இறங்கிக் கண்ணிமைகளை மூடும் அளவுக்கு வருவது சிலருக்கு நேரும். மரத்துப்போவதற்காகத் தலையில் செலுத்திய திரவமே அப்படி வழிந்திறங்குகிறது. அதே நாள்களில் புதிதாக ஆன்டிபயாடிக் தொடங்கியிருந்தால், எது எதனால் என்ற குழப்பம் வரும். நெற்றியில் தொடங்கி மேலிருந்து கீழாக மணிக்கணக்கில் இறங்கும், அரிப்பில்லாத, இருபுறமும் ஏறக்குறைய சமமான வீக்கம் வழக்கமானது. மாத்திரை போட்டுச் சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ உதடும் நாக்கும் தடித்து, உடலெங்கும் அரிக்கும் தடிப்புகள் எழுந்து, குரல் கம்மி, மூச்சிரைத்தால் அது ஒவ்வாமை. 108ஐ அழைக்க வேண்டிய அவசரநிலை. மூன்றாவதாக, மருந்து தொடங்கி ஒரு வாரம் கழித்து மார்பிலும் முதுகிலும் சிவந்த புள்ளிகள் பரவுவதுண்டு. அதற்கு அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். கண், வாய், பிறப்புறுப்பில் புண்ணோ தோல் உரிதலோ சேர்ந்தால் நேராக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சில வாரங்களுக்குள் இரண்டாவது முறையாக ஆன்டிபயாடிக் சாப்பிடுபவருக்குக் குடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்கள் குறைந்திருக்கும். ஓரிரு முறை இளகிப் போவது பெரிதல்ல. நாளுக்கு மூன்று முறைக்கு மேல் நீராகப் போனாலும், வயிறு முறுக்கிக் காய்ச்சல் வந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தானாகப் போட்டு அடைக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து முடிந்து சில வாரங்கள் கழித்தும் இது வரலாம்.

எழுதிய நாள்கள் முழுவதும், எழுதிய இடைவெளியில் மாத்திரையை எடுக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் நினைவு வந்தவுடன் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

அதற்குப் பின் உதிரும் முடி

இரண்டாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை நட்ட முடிகளில் பெரும்பகுதி உதிரும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் உதிரும். தண்டு மட்டுமே விழுகிறது, வேர் தோலுக்குள் ஓய்வில் இருக்கிறது. மூன்று நான்கு மாதங்களில் முளைக்கத் தொடங்கி, முழு அடர்த்தி தெரிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். காய்ச்சலால் ஏற்படும் உதிர்வோ நட்ட இடத்தோடு நிற்காமல் தலை முழுவதிலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தெரியும், அதுவும் தானாகவே நின்றுவிடும். மாத்திரை சாப்பிட்ட வாரமும் உதிர்ந்த வாரமும் ஒன்றாக இருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எண்ணுவது இயல்புதான். தேதிகளை எழுதி வைத்திருந்தால் மருத்துவர் பிரித்துச் சொல்ல முடியும்.

புதிய முடி தோலைத் துளைத்து வெளிவரும் இரண்டாம் மாதம் முதல் நான்காம் மாதம் வரை, தலையில் ஆங்காங்கே பரு போன்ற கொப்புளங்கள் எழலாம். பெரும்பாலானவை வெதுவெதுப்பான நீர் ஒற்றடத்திலேயே அடங்கும். அவற்றுக்குப் பழைய சிறுநீர்த் தொற்றில் மீந்துபோன மாத்திரையைத் தேடி எடுப்பது தவறு. அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவருக்கு ஒரே அளவில், ஒரே மாதிரி, அரிப்போடு நிறையக் கொப்புளங்கள் வந்தால், அது பாக்டீரியாவால் வந்ததாக இல்லாமல் தோலில் வாழும் மலசீசியா என்ற பூஞ்சையால் வந்ததாகவும் இருக்கலாம். அதற்கு இன்னொரு ஆன்டிபயாடிக் கொடுத்தால் கூடவே செய்யும். பூஞ்சைக்கான மருந்தை எழுதுவதா என்பதைத் தோல் மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.